கண்மாயைப் படிக்க ஊரின் உதவி வேண்டும்

ஊராருக்கும் ஆயக்கட்டுதாரர்களுக்கும் எங்கள் மாணவரின் பெற்றோருக்கும்,

சிவகங்கை மாவட்டத்தின் சிறிய கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நன்கொடை கேட்கவில்லை. உங்களிடம் இருக்கும் விவரங்களைக் கேட்கிறோம்.

எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் பிறப்பித்த உத்தரவால்தான் இளநிலைப் பட்டப் படிப்புகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது. அதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டம் 100 மதிப்பெண்ணில் 25-ஐக் களப்பணிக்கு ஒதுக்கியது. பல இடங்களில் அந்த 25 மதிப்பெண்ணும் முந்தைய ஆண்டின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியே வாங்கப்படுகிறது. எங்கள் பிள்ளைகளும் அப்படிப் படித்துவிட்டுப் போகக் கூடாது.

கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் கண்மாய். அது நிறைந்து கலுங்கு பாய்வது ஏன் அரிதாகிவிட்டது? தண்ணீரின் உப்பையும் அதில் கரைந்த ஆக்சிஜனையும் வேதியியல் மாணவர் அளந்து சொல்வார். தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது. வரத்துக்கால் எங்கே தூர்ந்தது, எங்கே வீட்டுமனையானது என்று பார்க்க, கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்று மாணவர் வாய்க்கால் நெடுக நடக்க வேண்டும். கணினி மாணவர் அதையே செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டி எறி என்று சொல்வது எளிது. ஆனால் அந்த முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கும் பக்கத்து ராமநாதபுரத்திலும் ஏராளம். அவர்களுடைய வருமானக் கணக்கைப் பார்க்காமல் தாவரவியல் மட்டும் தீர்ப்புச் சொல்வது அநியாயம் என்றே கருதுகிறோம். அங்கே வணிகவியல் மாணவர் வேண்டும். மீன்பாசி ஏலப் பணம் எங்கே போகிறது என்பதையும் அவரே பார்க்கட்டும்.

பெரிய பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் படிப்புக்கென்று தனித்துறை உண்டு. எங்களுக்கு அது கிடையாது. ஆனால் எல்லாத் துறை ஆசிரியர்களும் தினமும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும் அளவுக்குச் சிறிய கல்லூரி இது. இந்த வேலைக்கு அது போதும்.

இந்தக் கேள்விகளுக்குப் பாதி விடை உங்களிடம் இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. அப்படி ஒரு முடிவை ஊர் எப்படி எடுத்துக் காப்பாற்றுகிறது என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. மடை பார்த்த பெரியவர்கள், நீர்பாய்ச்சிகள், ஆடு மேய்ப்பவர்கள், வலை போடுபவர்கள் எல்லாரும் வகுப்புக்கு வாருங்கள். ஐயாக்களும் அம்மாக்களும் உட்கார்ந்து பேச இடம் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். பழைய கிரயப் பத்திரம், ஏலச் சீட்டு, தீர்வை ரசீது வைத்திருப்போர் காட்டினால் உங்கள் கண்முன்னே படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். மாதம் ஒருமுறை உங்கள் கிணற்றில் நாடா விட்டு நீர்மட்டம் அளக்க மாணவரை அனுமதியுங்கள். பெற்றோரே, பெண் பிள்ளைகளைக் களப்பணிக்குத் தயங்காமல் அனுப்புங்கள். ஆசிரியை ஒருவர் கட்டாயம் உடன் வருவார்.

ஊரைக் கணக்குக் கேட்கும் கல்லூரி தன் கணக்கையும் காட்ட வேண்டும். 1,000 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எவ்வளவு எடுக்கிறோம், ஆய்வகக் கழிவு எங்கே போகிறது என்பதையெல்லாம் வாசல் பலகையில் மாதந்தோறும் எழுதி வைப்போம்.

புரட்டாசியில் கிணறுகளை அளக்கத் தொடங்குகிறோம். அதற்குள் உங்கள் கிணறு, பத்திரம், நினைவு எதுவாயினும் கல்லூரி அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜனவரி 26 கிராம சபையில் அளவுகளையும் வரைபடத்தையும் மாணவர்களே வாசிப்பார்கள். பிழை கண்டால் அங்கேயே எழுந்து திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள்