காசு வேணும் தம்பி!

விழிதியூருக்கு எதற்குப் போனேன் என்பது முக்கியமில்லை. காரைக்காலில் நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய பைக், அந்த ஊர் வயல் ரோட்டில் இருமி இருமி நின்றுபோனது. தள்ளிக்கொண்டே போனால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இருபது வயசுப் பையன். கிக்கரை இரண்டு உதை உதைத்தான், காதைக் கொடுத்துக் கேட்டான். "கார்ப்பரேட்டர்ல ஜெட் அடைச்சிருக்கு சார்." பத்தே நிமிஷம், வண்டி ரெடி.

கொட்டகைச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில், பழுப்பேறிப்போன ஒரு ரேஸ் கார் படம். நரேன் கார்த்திகேயன், ஜோர்டான் டீம், 2005. அப்பா ஒட்டியதாம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் கேட்டான்: "இதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க ஓட்ட முடியுமா சார்?"

"அதுக்கு நிறைய காசு வேணும் தம்பி" என்றேன். நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் கோபம் வருகிறது.

நரேனைப் பற்றி நம்மாட்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "ஸ்பான்சர் காசு கொடுத்து சீட் வாங்கினவர்தானே?" பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது குற்றமே இல்லை. மூன்று முறை உலக சாம்பியனான நிக்கி லாடாவே ஆரம்பத்தில் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் காட்டி பேங்க் லோன் போட்டுத்தான் சீட் வாங்கினார். இந்தத் தொழிலில் முதல் போட்டாக வேண்டும். அந்த முதலை யாரால் போட முடிகிறது என்பதுதான் கேள்வி.

நரேன் கோவைக்காரர். அப்பா ராலி சாம்பியன். 1992-ல், பதினைந்து வயசில், பிரான்ஸில் ரேஸ் பள்ளிக்கூடம். 1996-ல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். அப்புறம் இங்கிலாந்தில் ஃபார்முலா த்ரீ. 2005-ல், 28 வயசில், ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் நாலாவது இடம். டயர் தகராறில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய ரேஸ் அது. உண்மைதான், ஒளிக்க வேண்டியதில்லை. 2010-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தாயிற்று.

ஆனால் 2019 நவம்பரில் என்ன நடந்தது தெரியுமா? ஜப்பானில் ஃபியூஜி டிராக். ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டூரிங் கார்களும் ஒன்றாக மோதிய ரேஸ். ஹோண்டா காரில் நம்ம நரேன் ஜெயித்தார். வயசு 42! யாரும் ஒதுங்கி வழிவிட்டு வந்த வெற்றி இல்லை அது. நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? துபாயில் 2025 ஜனவரியில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும் தமிழ்நாடே ஆடியது. சந்தோஷம்தான். அஜித்தும் சொந்தக் காசைக் கொட்டி ஓட்டுகிற மனிதர். ஆனால், நமக்கு டிரைவர் தெரிவதற்கு முன்னால் அவர் நடிகராக வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே டூரிங் கார் பந்தயம் என்று ஒன்று 1958-லிருந்து நடக்கிறது. நீங்களும் நானும் ஷோரூமில் வாங்குகிற குடும்பக் காரின் அதே உருவம்; உள்ளே மட்டும் பிரித்து மேய்ந்திருப்பார்கள். அதில் ஆண்டி ரவுஸ் என்று ஒருவர். அடிப்படையில் இன்ஜினீயர், கையில் கிரீஸ் படிந்த ஆள். ரேஸ் கார் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர், ஸ்டீயரிங்கையும் பிடித்தார். 1975-ல் சாம்பியன். பிறகு 1983, 84, 85 என்று வரிசையாக மூன்று. ஆல்ஃபா ரோமியோ, ரோவர், ஃபோர்டு... ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு கம்பெனி கார்! சொந்தப் பட்டறையில் கார் தயார் செய்து அவரே ஓட்டினார். மெக்கானிக் அறிவே அங்கே ஒரு முதல்.

நமக்கு இது தெரியாத வித்தையா? கோவையில் கரிவர்தன் என்ற மனிதர் மாருதி 800 என்ஜினை வைத்து மலிவாக ரேஸ் கார் கட்டிக் காட்டினார். நரேன் முதல் ரேஸ் ஓட்டியதே ஃபார்முலா மாருதியில்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்தே ஒரு டிராக் இருக்கிறது. டயர் கம்பெனி இருக்கிறது, கார் ஃபேக்டரி இருக்கிறது. தேசியப் பந்தயத்தில் டூரிங் கார் பிரிவுகூட நடத்தியிருக்கிறார்கள். பார்க்கத்தான் ஆளில்லை.

இவ்வளவும் இருக்க, 2024-ல் அரசு என்ன செய்தது? தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டை அடைத்து, விளக்குப் போட்டு, ராத்திரியில் ஃபார்முலா ஃபோர் காட்டியது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. வெளிநாட்டுப் பையன்களும் வந்து ஓட்டினார்கள். கோடிக்கணக்கில் அரசுப் பணம். அந்தப் பணத்தில் ஒரு பட்டறைப் பையனாவது ஹெல்மெட் மாட்டினானா? எந்த அதிகாரியாவது இதற்குப் பதில் சொல்லட்டும்.

நான் கேட்பது பெரிசில்லை. ஐ.டி.ஐ.களில் பழைய மாருதிகளைக் கொடுங்கள். பசங்களே பிரித்து, பாதுகாப்புக் கூண்டு வைத்து, தயார் செய்யட்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் வருஷத்துக்குப் பத்து நாள் வாடகையை அரசு கட்டட்டும். டாக்டர், ஆம்புலன்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அரசு செலவு. அதில் தேறுகிற நாலு பேருக்கு ஸ்பான்சர் தேடிக் கொடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை முறுக்கி உயிரை விடுகிற பசங்களில் சிலராவது அங்கே வந்து முறுக்குவார்கள்.

இதைச் சொன்னதும் கோட்டையில் ஒரு நண்பர் சிரித்தார். "உங்க விழிதியூர்ப் பையன் புதுச்சேரி கணக்குல வர்றான் சார். பி.ஒய். 02. நாங்க எப்படிச் செய்ய முடியும்?"

சரி. நரேன் ஓட்டிய ஜோர்டான் காரில் எந்த ஊர் நம்பர் பிளேட் இருந்தது, சார்?