ஊர்ப்பூனையும் காட்டுப்பூனையும்

காஞ்சீபுரத்துத் தறி வீடுகளில் எலிக்கு அஞ்சிப் பூனை வளர்ப்பது நியாயமே. உடையவரற்ற பூனைகளுக்குக் கோயில் மதிலோரத்திலும் ஏரிக்கரையிலும் சோறும் மீனும் கொட்டி வைப்பதோ வேறு காரியம். பூனை சுமார் 63 நாளில் குட்டி ஈனும். வருஷத்திற்கு 2, 3 ஈற்றும் உண்டு. ஆகாரம் குறையாவிடில் கூட்டம் பெருகும். இரவில் மிச்சத்தை நாடி எலி, மரநாய், தெருநாய் யாவும் கூடுமிடத்தில் வெறிநோய் பரவவும் ஏதுவாகும்.

பூனை மிகுந்தால் எலி ஒழியும் என்பர். பெருச்சாளியைக் காட்டிலும் அணிலும் குருவிக்குஞ்சும் பூனைக்கு எளிய இரை; வயிறு நிரம்பினும் அது வேட்டையை விடாது. வயல் எலியை அடக்கக் குடியானவருக்குப் பெருந்துணை, பழங்கட்டடப் பொந்துகளில் தங்கும் கூகையும், கரும்புக்கொல்லையிலும் நாணற்புதரிலும் பதுங்கும் காட்டுப்பூனையுமாம். 1972ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டம் காட்டுப்பூனையைக் காக்கிறது; ஆயினும் ஊர்ப்பூனையோடு கலந்தால் அதன் இனத்தூய்மை கெடும்.

ஆகையால் அன்னமிடுவோர் பகலில் அளவாக இட்டு, மிச்சத்தை உடனே அகற்றி, கால்நடை வைத்தியரைக் கொண்டு கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விப்பதே மெய்யான ஜீவகாருண்யம். ஏரிக்கரையில் குட்டிகளை விட்டுவருவதை அறவே நிறுத்துதல் வேண்டும்.