கூண்டிலிருந்து மேடைக்கு
பகலெல்லாம் துறைமுகத்தில் சுமை இறக்கிவிட்டு மாலையில் கையுறை மாட்டிக்கொண்ட உழைப்பாளிகள் வளர்த்த வித்தையாகவே குத்துச்சண்டையை அறிந்திருக்கும் வடசென்னையின் இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும், காமரூன் தேசத்தில் பால்யத்திலேயே மணற்குவாரியில் மண்வெட்டி பிடித்த பிரான்சிஸ் இங்கானுவின் சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது. குத்துச்சண்டை வீரனாகும் அபிலாஷையோடு பாரிஸ் சேர்ந்து, அங்கே பயிற்சியாளர் ஒருவரின் தூண்டுதலால் கலப்புத் தற்காப்புக் கலைக்குத் திரும்பி, 2021இல் அக்கலையின் போட்டி அமைப்பான யூஎஃப்சியின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற அவர், 2023 அக்டோபர் 28 அன்று ரியாத்தில், தமது முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையிலேயே, அன்றைய உலக ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃபியூரியை மூன்றாம் சுற்றில் இடக்கைக் குத்தினால் தரையில் வீழ்த்தினார். பத்துச் சுற்றுகளின் முடிவில் இரு நடுவர்கள் ஃபியூரிக்கும் ஒருவர் இவருக்குமாகத் தீர்ப்பளித்தனர். அத்தகைய அபூர்வ ஆற்றலை, ஐந்து மாதங்கூட நிறையுமுன் முன்னாள் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆன்டனி ஜோஷுவாவின் எதிரே கொண்டு நிறுத்தியது பெரும் அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். கலப்புத் தற்காப்புக் கலையின் கூண்டில், காலைப் பிடித்துச் சாய்க்க வருபவனை எதிர்பார்த்து அகல ஊன்றியே பழகிய உடம்பு, நாலு அவுன்சுக் கையுறையில் அளந்த தூரத்தை மறந்து, குத்துச்சண்டையின் நுட்பமான அடிவைப்பை வசப்படுத்த வருஷங்கள் வேண்டும். 2024 மார்ச் 8 அன்று, முதல் சுற்றிலேயே ஒருமுறை விழுந்து எழுந்தவர், இரண்டாம் சுற்றில் ஜோஷுவாவின் வலக்கைக் குத்தில் பிரக்ஞையிழந்து மல்லாந்தார். வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் வாத்தியார்கள் வழிவந்த எவரைக் கேட்டாலும், ஜோஷுவாவுக்கு முன்னால் அவருக்கு இரண்டு மூன்று சாதாரணப் போட்டிகளேனும் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.