கைகளையும் கவனிப்போம்

ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகெலும்புப் பிளவுடன் பிறந்த குழந்தையின் பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது, "பிள்ளை நடப்பானா?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆயினும், பிள்ளையின் கைகள் எவ்வாறு இயங்குகின்றன என்ற கேள்வி அதே அளவுக்கு முக்கியமானது என்பது எங்கள் கருத்து.

பிளவு பெரும்பாலும் இடுப்புப் பகுதியில் அமைகிறது. கைகளுக்குரிய நரம்புகளோ கழுத்துப் பகுதியிலிருந்து புறப்படுகின்றன. ஆகவே கைகளுக்குக் குறையில்லை என்று எண்ணுவது இயல்பு. ஆனால், தண்டுவடமே வெளியே பிதுங்கியிருக்கும் வகையில், சிறுமூளையின் ஒரு பகுதி கழுத்துக்குள் இறங்கும் கியாரி குறைபாடும் மூளையில் நீர் கோத்தலும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. கையசைவுகளைச் சீர்படுத்துவதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே கையில் வலு இருந்தும் நிதானமும் வேகமும் குறையலாம். பொத்தான் போடுவதும் எழுதுவதும் தாமதமாகும். இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது அப்பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

சக்கர நாற்காலியைத் தள்ளவும், கட்டிலிலிருந்து அதற்கு மாறவும், வளர்ந்தபின் நாள்தோறும் பலமுறை தானே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றவும் கைகளே துணை. பிறர் உதவியின்றி வாழ்வதைக் கால்களைவிடக் கைகளே பல நேரங்களில் தீர்மானிக்கின்றன.

பள்ளியில் சேர்க்குமுன் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கைகளைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படின், அதைப் பள்ளியில் தயங்காமல் கேளுங்கள், அது சலுகையன்று. காலை அவசரத்தில் தாயே சட்டை மாட்டிவிடுவதை நாங்கள் குறை கூறோம். ஆனால் மாலையிலோ விடுமுறை நாளிலோ அந்தப் பொத்தான்களைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். சிந்தினாலும் தானே பிசைந்து உண்ணட்டும். பழகாத கை தேறாது.

ஓர் எச்சரிக்கை: நன்றாக இருந்த கையெழுத்து கெட்டாலோ, பிடி தளர்ந்தாலோ, கையில் சூடு குளிர் உறைக்காமற்போனாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராதீர்கள். ஷன்ட் குழாய் அடைப்போ, தண்டுவடத்தினுள் நீர் சேர்வதோ காரணமாக இருக்கலாம். தலைவலி, வாந்தி, மிகுந்த தூக்கம் சேர்ந்திருப்பின் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.