பட்டாள ரைபிளில் ரம்பம் வைக்காதீர்கள்

மலிவாக ஒரு பட்டாள ரைபிளை வாங்கு, குழலைத் தாங்கும் முன்கட்டையை அறு, மேலே ஸ்கோப்பை மாட்டு, பாதி விலையில் வேட்டை ரைபிள் தயார். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து அமெரிக்கத் துப்பாக்கி இதழ்கள் ஓதிவரும் மந்திரம் இது. ஐம்பதுகளில் அதை எழுதியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மந்திரம் மட்டும் சாகவில்லை. அண்மையில் ஓர் இதழ், பிரிட்டிஷ் .303 ரைபிளான லீ-என்ஃபீல்டை நவீனமாக்குவது எப்படி என்று பக்கம் பக்கமாக மறுபடியும் பாடம் நடத்தியிருக்கிறது. பல ஆண்டுகளாகப் படித்துப் படித்துப் பொறுமை போய்விட்டது. இந்த உபதேசத்தில் ஒரு வாதம்கூட நிற்காது.

இந்தியாவில் .303 குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட காலிபர் என்பதால் இது நம் ஊர் வழக்கமல்ல, அந்த இதழ்கள் வளர்த்த அமெரிக்க வழக்கம். ஆனால் அங்கே ரம்பத்துக்கு இரையாகும் ரைபிள்களில் வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் பிறந்தவையும் உண்டு. அதனால் நமக்கும் இதில் பேச உரிமை இருக்கிறது.

முதல் வாதம், மலிவு. ஒரு காலத்தில் மலிவுதான். 1963-ல் சிகாகோவின் க்ளைன்ஸ் கடை ஓர் இத்தாலியக் கார்கானோவை ஸ்கோப்போடு 19.95 டாலருக்குத் தபாலில் விற்றது. கென்னடி கொலை விசாரணையில் உலகமே பேசிய ரைபிள் அது. 1968-ல் வந்த சட்டம் பட்டாள ரைபிள் இறக்குமதியை அடைத்தது. 1984-ல் கதவு மறுபடி திறந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் ரஷ்ய மோசின்-நாகான்கள் நூறு டாலருக்கும் கீழே வந்து குவிந்தன. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று அதே மோசினுக்குப் பல நூறு டாலர் எடுத்துவைக்க வேண்டும். குழலும் போல்ட்டும் பொருந்தும் உடலான ரிசீவரில் துளையிட்டு மரை போட ஒரு கூலி; ஸ்கோப்பில் இடிக்காதபடி போல்ட் கைப்பிடியை வளைக்க இன்னொரு கூலி; புதுக் கட்டை, புது விசை. கூட்டிப் பார்த்தால் புத்தம்புதிய ரூகர் அமெரிக்கனோ சாவேஜ் ஆக்ஸிஸோ வாங்கும் பணம் கரைந்திருக்கும். அவற்றில் ஸ்கோப்புக்கான துளையும் மரையும் ஆலையிலேயே போட்டு வருகின்றன. மலிவு வாதம் இவ்வளவுதான்.

இரண்டாம் வாதம், போரைத் தாங்கிய ரைபிள் எதையும் தாங்கும் என்பது. இது ஆளைக் கொல்லும் பேச்சு. அமெரிக்கப் பட்டாளத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம்பகால ரிசீவர்களைக் காய்ச்சும்போது எஃகின் சூட்டைத் தொழிலாளி கண்ணால் பார்த்தே மதிப்பிட்டான். வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் ஒரு நிறம். சூடு மிஞ்சிய எஃகு கண்ணாடியாய் நொறுங்கும் குணம் பெற்றது. 1917-ல் ரிசீவர்கள் வெடித்தபிறகுதான் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 8,00,000-க்குக் கீழான எண்களை விவரம் தெரிந்தவர்கள் இன்றும் சுடுவதில்லை. ஜெர்மன் மவுசர் என்றால் எல்லாம் ஒன்று என்பதும் பொய். 1898 மாதிரியில் போல்ட்டின் பின்புறம் மூன்றாவதாக ஒரு காப்புத் தாங்கி உண்டு. 1893, 1895, 1896 மாதிரிகளில் அது கிடையாது. பெயரை மட்டும் பார்த்து இவற்றில் நவீன வேகத் தோட்டாவுக்குக் குழல் மாற்றச் சொல்பவர்கள், சுடுபவரின் கண்ணைப் பணயம் வைக்கிறார்கள்.

இதே ஆட்கள் நம் இஷாப்பூர் 2ஏ1-ஐ மட்டும் நம்ப மறுப்பார்கள். பழைய .303-ஐக் குடைந்து 7.62 ஆக்கிய ஒட்டுவேலை என்று கதை கட்டுவார்கள். அது 1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே, மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்த ரைபிள். ஆராயாமல் நம்புவதும் ஆராயாமல் பழிப்பதும்தான் இவர்களுக்குத் தெரிந்த தேர்வு முறை.

மூன்றாம் வாதம்தான் என்னை உண்மையில் கொதிக்க வைப்பது. முன்கட்டை வெறும் சுமையாம்; அறுத்தால் ரைபிள் இலகுவாகும், குழல் சுதந்திரமாக நிற்கும், குறி கூர்மையாகுமாம். லீ-என்ஃபீல்டைக் கழற்றிப் பார்த்த எவரும் இப்படி எழுத மாட்டார்.

லீ-என்ஃபீல்டின் குட்டை வடிவமான எஸ்.எம்.எல்.இ-யின் குழல் மெல்லியது. சுடும்போது அது அதிரும். அந்த அதிர்வை ஒரே ஒழுங்கில் வைத்திருக்க, குழலின் முழு நீளத்துக்கும் மரத்தை ஓடவிட்டார்கள். முன்கட்டையின் நுனியை மூடும் மூக்குமூடிக்கு அருகே ஒரு சிறு குமிழும் சுருள்வில்லும் குழலைக் கீழிருந்து மேல்நோக்கித் தாங்குகின்றன. நடுவில் உள்வளையம் ஒரு வில்லோடு குழலைப் பிடிக்கிறது. பின்னே, ரிசீவரோடு மரம் மோதும் இரண்டு முகங்கள் உதையை வாங்குகின்றன. இவை இறுக்கமாகப் பொருந்தியிருந்தால்தான் ஒரு தோட்டா போன இடத்துக்கு அடுத்ததும் போகும். பின்னால் வந்த நம்பர் 4 ரைபிளிலும் முன்கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு அழுத்தத்தோடு மேல்நோக்கித் தாங்க வேண்டும் என்றே பட்டாள ஆயுதப் பட்டறைகள் சரிபார்த்தன. பந்தலின் முன்காலைப் பிடுங்கிவிட்டு அது ஆடுகிறதே என்று குறை சொல்வதுதான் இந்தக் கட்டுரையாளர்கள் செய்வது. அறுத்த ரைபிள் சூடேறச் சூடேறக் குறி மாறும். உடனே லீ-என்ஃபீல்டின் வடிவமே பழுது என்று இன்னொரு கட்டுரை எழுதுவார்கள்.

அந்த மரத்துக்காக ஆலைகள் எவ்வளவு மெனக்கெட்டன என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலைக்குக் கிடைத்த உள்நாட்டு மரம் மென்மையானது. உதை வாங்கும் முகங்கள் நசுங்கின. அங்கே செப்புத் தகடு பதித்தார்கள். இஷாப்பூரில் முன்கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே ஒரு திருகைச் செலுத்தினார்கள். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இன்றும் அதை இஷாப்பூர் திருகு என்றே அழைக்கிறார்கள். இரண்டு கண்டங்களின் கைவினைஞர்கள் ஒரே இடத்தைக் காக்கப் போராடியிருக்கிறார்கள். அந்த இடத்தின் மதிப்பு, ரம்பத்தோடு வரும் எழுத்தாளருக்கு மட்டும் தெரியவில்லை.

பிரிட்டிஷ் பட்டாளமே எல்42ஏ1 குறிசுடு ரைபிளில் முன்கட்டையைக் குட்டையாக்கியதே என்பார்கள். ஆமாம். முதலில் மெல்லிய குழலைக் கழற்றி, தனித்து நிற்கும் வலுவுள்ள கனத்த குழலைப் பொருத்தினார்கள். அதன்பிறகே மரம் குட்டையானது. இதழ்கள் மரத்தை அறுக்கும் பாதியை மட்டும் கற்றுக்கொடுக்கின்றன.

நான்காவதாக, பின்லாந்தைக் காட்டுவார்கள். அவர்கள் ரஷ்ய மோசினை மாற்றவில்லையா? மாற்றினார்கள். ரிசீவரை வைத்துக்கொண்டு புதுக் குழல், புதுக் கட்டை, திருத்திய விசை, நுணுக்கமாகச் சரிசெய்யும் குறிகள் என்று ரைபிளையே மறுபடி பிறப்பித்தார்கள். சோவியத்துக்கு எதிரான குளிர்காலப் போரில் பின்லாந்தின் குறிசுடுநர் சிமோ ஹாய்ஹா கையிலிருந்தது அப்படிப் பிறந்த எம்28-30. அதுவும் ஸ்கோப் இல்லாமல். ஒரு நாட்டின் ஆயுத ஆலை செய்ததை ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக் கொட்டகையில் செய்யலாம் என்று சொல்வது அந்த உழைப்புக்கு அவமானம்.

கடைசியாக, கோடிக்கணக்கில் செய்த பொருளில் ஒன்று போனால் என்ன என்பது. மோசின் கோடிக்கணக்கில் உண்டு. உங்கள் கையிலிருப்பதன் எண், ஆலை முத்திரை, மோசினானால் பின்லாந்து ராணுவத்தின் சதுரச் சின்னம், ஜப்பானிய அரிசாகாவானால் தப்பிப் பிழைத்த செவ்வந்தி முத்திரை, இப்படித் தன் அடையாளங்கள் சேர்ந்த ரைபிள் ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் இதே வாதத்தைச் சொல்லி அறுத்ததால்தான் அறுபடாத ஸ்பிரிங்ஃபீல்டும், பின்குறியைக் காக்கும் காதுகளைத் தேய்க்காத எம்1917-உம் இன்று தேடித் திரியும் பொருள்களாகிவிட்டன. அறுத்த மரம் மறுபடி வளராது.

வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது சிறிது. குழலின் உட்புறத்தைப் பாருங்கள். போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். போல்ட் முகத்துக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்த கைவினைஞரிடம் அளவுகோல் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுப்போகும். எண்ணெய் அதைக் கரைக்காது, சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். கண் மங்கியவர்களுக்குத் துளையிடாமல் மாட்டும் ஸ்கோப் தாங்கிகள் இருக்கின்றன. வேட்டைக்கு வேறு ரைபிள் வேண்டுமென்றால் புதிதாக வாங்குங்கள். அறுக்கச் சொல்லும் கட்டுரையை மட்டும் நம்பாதீர்கள்: அதை எழுதியவருக்கு உங்கள் ரைபிளும் தெரியாது, அதைச் செய்தவர்களின் அறிவும் தெரியாது.