விட்டுப்போன செலவுகள்

இந்தியாவில் ஓர் உயிர் ஓராண்டு தரித்திருக்க என்ன செலவாகும்? 1870-களில் தேசியத் தலைவர் தாதாபாய் நௌரோஜி இதைக் கணக்கிட உட்கார்ந்தபோது, அவருக்குக் கைகொடுத்தவை அடைபட்ட மனிதர்களுக்கான அரசுக் கணக்குகள். கடல் கடந்து போன கூலிகளுக்குக் கல்கத்தா மருத்துவ அதிகாரி வகுத்த உணவுப் பட்டியல் ஒன்று. சிறைச் செலவு இன்னொன்று. முதல் பட்டியல், கப்பலில் வேலையின்றிச் சும்மா கிடப்பவனுக்கான சோறு.

சென்னை மாகாணத்தில் தலைக்கு ஆண்டு உற்பத்தி 18 ரூபாய். அதே மாகாணச் சிறையில் ஒரு கைதிக்கு ஆன செலவு 53 ரூபாய். இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. நாடு முழுமைக்கும் தலைக்கு உற்பத்தியின் சராசரி 20 ரூபாய். சாதாரண விவசாயக் கூலியின் தேவையோ தலைக்கு 34. அந்த 34-இல் கலியாணம் இல்லை, கருமாதி இல்லை, மழை பொய்க்கும் ஆண்டுக்கென்று ஒரு மரக்கால் தானியமும் இல்லை. நௌரோஜியே அதைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில், 1901-இல், வைஸ்ராய் கர்சன் உயர்த்திச் சொன்ன சராசரி வருமானம்கூட 30 ரூபாய்தான்.

1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சமூக ஆய்வாளர் சீபோம் ரவுண்ட்ரீ இதே வேலையைச் செய்தார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகளுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். ஆதரவற்றோர் விடுதியில் போட்டதைவிடக் குறைவான சாப்பாடு. புது இறைச்சி கிடையாது. செய்தித்தாள், தபால்தலை, ரயில் கட்டணம், பிள்ளைக்கு ஒரு பொம்மை, எதற்கும் இடமில்லை.

ரூபாய்க்கு 2 ஷில்லிங் என்ற நௌரோஜி காலத்து மதிப்பில், ஐந்து பேருக்கு அவர் கணக்கு ஆண்டுக்கு 340 ஷில்லிங். யார்க் குடும்பத்துக்கோ 1,126. இடையில் முப்பது ஆண்டுகள் இருந்தன. குளிர், நிலக்கரி, வாடகை, தானிய விலை என்று பலவற்றைக் கழிக்கலாம். ஆனாலும் வித்தியாசம் முழுவதையும் விலைவாசியின் மேல் போட என் மனம் ஒப்பவில்லை. எந்த வாழ்க்கையைப் பார்த்துக் குறைந்தபட்சத்தை எழுதுகிறோமோ, அந்த வாழ்க்கையின் வறுமையும் கணக்குக்குள் புகுந்துவிடுகிறது.

1936-இல் ரவுண்ட்ரீ மறுபடி யார்க்கை அளந்தபோது செய்தித்தாளும் வானொலியும் பட்டியலில் ஏறின. இந்தியாவில் 1957-இன் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விளக்கு, விறகு என்று வரையறுத்தது. கலியாணம், பண்டிகை, பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், முதுமை ஆகியவற்றுக்கென 25 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் சேர்த்தது 1991-இல்.