பந்து ஏன் வழி தவறுகிறது?

சுந்தரபாண்டியத்தில் மட்டையும் பந்தும் என்றாலே கிரிக்கெட்தான். ஆகவே பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்தை நாம் கைப்பேசித் திரையில்தான் கண்டோம். அதில் பந்து வீசுவது எளிதென்று எண்ணுவோர் ஒருமுறை வீசிப் பார்க்கட்டும்!

பதினேழே அங்குல அகலத் தட்டின் மேலாக, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே பந்து செல்ல வேண்டும். நான்கு முறை தவறினால் அவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்துவிடுவார். திரையில் ஓடும் முள் குறியைத் தொடும் கணத்தில் விரல் அழுத்த வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பந்து வழி தவறும். முழு வேகம் கேட்டாலோ தவறுவது இன்னும் எளிது. நம் தோழியரோ முழு வேகமே கேட்கிறார்கள். முக்கால் வேகத்தில் நடுவை நோக்கி வீசுவதே நலம் என்போம்.

மெய்க் களத்திலும் இப்படித்தான். ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் வட இந்திய இளைஞர் இருவர் 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமாயினர். (அக்கதை 2014-இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் திரைப்படமாயிற்று.) கையில் வலுவிருந்தும், அதற்குமுன் அமெரிக்காவில் பல மாதம் பயில வேண்டியிருந்தது.

இதன் தங்கை ஆட்டமான சாப்ட்பால் நம் நாட்டுப் பள்ளி மாணவியர் போட்டிகளில் உண்டு. கையைத் தாழ்த்தி வீச வேண்டும். ஆண்பிள்ளைக்குத் திடல், பெண்பிள்ளைக்குத் திரை என்பது என்ன நியாயம்? மாலையில் அரைமணி நேரமும், கட்டம் வரைய ஒரு சுவரும் போதும். பெற்றோர் இசைந்தால், சுண்ணாம்புக் கட்டியை நாமே கொண்டு வருகிறோம்.